மடாலயத்தில் அறிவியல் வகுப்பு: முதல்முறை போகிறவர்களுக்கு

கர்நாடகத்துப் பைலகுப்பேக்குப் போய் திபெத்தியப் புத்த பிக்குகளுக்கு அறிவியல் எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் வந்த முதல் கேள்வி, "சாமியாருங்களுக்கு எதுக்குப்பா ஃபிசிக்ஸு?" அதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. மூன்று கோடை விடுமுறைகள் போய் வந்துவிட்டேன். இப்போது தெரிந்தவர்கள் கேட்பது வேறு மாதிரி. எப்படிப் போவது, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, அவர்களுக்கு எதுவரை தெரியும், மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது. ஒரே விஷயத்தை வாட்ஸாப்பில் ஒவ்வொருவருக்கும் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கொஞ்சம் பின்னணி, சுருக்கமாக. 1959-க்குப் பிறகு வெளியேறிய திபெத்தியர்களுக்குக் கர்நாடகத்தில் நிலம் ஒதுக்கினார்கள். லாசாவைச் சுற்றியிருந்த, கெலுக் என்னும் திபெத்திய பௌத்தப் பிரிவின் மூன்று பெரிய மடாலயங்களில் செரா பைலகுப்பேயிலும், த்ரெபுங், கன்டென் இரண்டும் முண்டகோட்டிலும் மறுபடி எழுந்தன. தலாய் லாமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கடிகாரம், தொலைநோக்கி என்று பித்து. 1987-ல் தரம்சாலாவில் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தவர், பிறகு துறவிகளும் இதைப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் தரம்சாலாவில் சோதனை வகுப்புகளை நடத்திவிட்டு, 2014-ல் இந்த மூன்று மடங்களிலும் ஆறு வருடப் பாடத்திட்டமாகத் தொடங்கியது. மடத்தின் உயர் பட்டமான கெஷே படிப்பிலேயே அறிவியலைச் சேர்ப்பது என்று மடத்துப் பெரியவர்கள் 2012-ல் முடிவெடுத்திருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் ரிக்கோன் திபெத் நிறுவனமும் நெடுநாள் ஆசிரியர்களை அனுப்பியிருக்கிறது. ஆக, நீங்கள் போவது யாரோ ஆசைக்கு நடத்தும் கோடை முகாமுக்கு அல்ல, அவர்களுடைய படிப்பின் ஒரு பகுதிக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி தப்புகள் குறையும்.

கிளம்புவதற்கு முன்

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கவலையே இல்லை, பஸ் ஏறினால் போதும். சிங்கப்பூர், கனடா, இலங்கை என்று வேறு நாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் கவனியுங்கள்: இந்தத் திபெத்தியக் குடியிருப்புகளில் தங்க, விசாவைத் தாண்டி உள்துறை அமைச்சகத்தின் தனி அனுமதி வேண்டும். பாப் என்பார்கள், பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதி. வாரக்கணக்கில் இழுக்கும், மாதக்கணக்கிலும் இழுக்கும். டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதற்கு எழுதிப் போடுங்கள். "போய்ப் பார்த்துக்கலாம்" இங்கே நடக்காது, போலீஸ் விடுதிப் பதிவேட்டைப் பார்ப்பார்கள்.

தேதியை மடத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர்கள் நாட்காட்டி சந்திரனைப் பார்த்து ஓடுவது. அமாவாசை, பௌர்ணமி, பெரிய பூஜைகள், தேர்வுக் காலம், யாராவது ரின்போச்சே (பெரிய லாமா) வருகை என்று எது வந்தாலும் வகுப்பு கிடையாது. வார விடுமுறையும் ஞாயிறு என்று நினைத்துவிட வேண்டாம், மடத்துக்கு மடம் மாறும். முதல் வருடம் நான் பத்து நாள் பாடம் தயாரித்துக்கொண்டு போய் ஏழு நாள்தான் எடுத்தேன்.

வழி: கோவைக்காரர்கள் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மைசூர் போய், அங்கிருந்து மடிகேரி பஸ். குஷால்நகருக்குச் சற்று முன்னால் பைலகுப்பே, மைசூரிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம். சென்னையிலிருந்து மைசூருக்கு ரயில் இருக்கிறது. முண்டகோடு என்றால் ஹூப்ளியில் இறங்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோவில் உள்ளே போகப் போக மக்காச்சோளக் கொல்லைக்கு நடுவில் திடீரென்று பொன்னிறக் கூரை தெரியும், கடைப் பலகையெல்லாம் வேறு எழுத்து, தெருவெல்லாம் மருன் துணி. ஒரு ராத்திரிப் பயணத்தில் வெளிநாடு.

பெட்டியில்: குடை (ஜூனில் குடகுப் பக்கத்து மழை இங்கேயும் பெய்யும்), டார்ச், கொசுவலை, ஒரு மெல்லிய ஸ்வெட்டர், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், ஊறுகாய். ஊறுகாயைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

தங்குவதும் தின்பதும்

பெரும்பாலும் மடத்து விருந்தினர் விடுதியில் அறை கொடுப்பார்கள். விடியற்காலையில் பிரார்த்தனைச் சத்தம், ராத்திரி பத்து மணிக்கும் அதற்கு மேலும் முற்றத்தில் தர்க்கம் செய்யும் சத்தம். முதல் நாள் இரவு ஏதோ அடிதடி என்று நினைத்து ஜன்னலைத் திறந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கான பேர் கை தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள், எல்லாம் பாடம்தான். தூக்கம் லேசானவர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள்.

மடத்துச் சமையல் பெரும்பாலும் சைவம்: சோறு, பருப்பு, ஒரு காய். காலையில் தட்டையான திபெத்திய ரொட்டி, மற்ற வேளைகளில் ஆவியில் வெந்த திங்மோ, அது நம்ம இட்லிக்குத் தூரத்து உறவு மாதிரி இருக்கும், சட்னிதான் இல்லை. துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் மழைநாளில் அமிர்தம். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீரைத் தேநீர் என்று நினைத்துக் குடித்தால் முகம் சுளிக்கும், ரசம் மாதிரி ஒன்று என்று நினைத்துக் குடியுங்கள், இறங்கிவிடும். கோப்பையைக் காலி செய்தால் உடனே நிரப்புவார்கள், போதும் என்றால் அப்படியே நிறையவிட்டு வைத்துவிடுங்கள். நாலாம் நாள் தயிர்சாதத்துக்கு நாக்கு ஏங்கும். குஷால்நகரில் சாப்பாட்டுக் கடைகள் உண்டு.

நடைமுறை மரியாதைகளில் பெரும்பாலானவை நமக்கு வீட்டிலேயே பழகியவை. புத்தகத்தைத் தரையில் வைக்காதே, தாண்டாதே, பெரியவர் பக்கம் காலை நீட்டாதே, இரண்டு கையாலும் கொடு. ஸ்தூபியையும் கோயிலையும் வலமாகச் சுற்றுவது. பேருக்குப் பின்னால் ஒரு "லா" சேர்ப்பார்கள், நாம் "ங்க" போடுகிற மாதிரி. ஆசிரியரைக் "கென்-லா" என்பார்கள், நீங்களும் கென்-லாதான். பட்டம் முடித்தவர் கெஷே-லா. பெண் ஆசிரியர்கள் நிறையப் பேர் போய்க் கற்பித்திருக்கிறார்கள், தயங்க வேண்டாம். தோள் மூடிய உடை, கைகுலுக்கலுக்குப் பதில் கும்பிடு, அவ்வளவுதான். பிக்குணி மடங்களிலும் தேவை இருக்கிறது. கெஷேமா, அதாவது பெண்களுக்கான கெஷே பட்டத்தை முதன்முதலாக இருபது பிக்குணிகள் பெற்றது 2016-ல்தான், அவர்களுடைய படிப்பு ஆர்வத்தை நேரில் பார்த்தால் நம் கல்லூரி வருகைப் பதிவேட்டை நினைத்து வெட்கமாக இருக்கும்.

மொழிபெயர்ப்பாளரை முதலில் பிடியுங்கள்

போன அன்றே செய்ய வேண்டிய காரியம் இது, அறையில் படுத்து ஓய்வெடுப்பதெல்லாம் அப்புறம். வகுப்பின் உயிர் அவர் கையில். நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல, அவர் திபெத்தியத்தில் சொல்ல, ஒன்றரை மணி நேர வகுப்பு முக்கால் மணி நேரமாகிவிடும். முதல் நாள் நாற்பது ஸ்லைடு வைத்திருந்தேன், ஆறு போனது. நாளைய பாடத்தை இன்று மாலையே அவருக்குக் காட்டி, புதுச் சொற்களை ஒவ்வொன்றாகப் பேசிவிடுங்கள். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள். திபெத்தியமும் தமிழ் மாதிரியே வினையைக் கடைசியில் வைக்கிற மொழி, நீங்கள் முடிக்காமல் அவரால் ஆரம்பிக்க முடியாது. நகைச்சுவையைத் தவிர்த்துவிடலாம். நான் ஒன்று சொன்னேன், அவர் ஒரு நிமிடம் பேசினார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், "கென்-லா ஒரு ஜோக் சொன்னார், தயவுசெய்து சிரியுங்கள் என்றேன்."

கலைச்சொல் விஷயத்தில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம் காத்திருக்கிறது. ஆக்சிஜனுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் "த்ஸோ-லுங்", வாழவைக்கும் காற்று. நம்ம உயிர்வளியேதான்! மின்சாரத்துக்கு "லோக்", அதாவது மின்னல். கம்ப்யூட்டர் "லோக்-லே", மின்மூளை. பக்கத்து மேசையில் அவர்கள் ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் நம்மூர்ப் பாடநூல் குழு ஞாபகம் வரும்.

அவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது

இங்கேதான் புதியவர்கள் எல்லாரும் சறுக்குகிறார்கள், இரண்டு பக்கமும். உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் இருபதிலிருந்து நாற்பது வயது வரை இருப்பார்கள். சிலர் திபெத்திலிருந்து நடந்து வந்தவர்கள், சிலர் லடாக், ஸ்பிதி, அருணாசலம், நேபாளம், பூட்டான். சிலர் பள்ளிக்கூடமே போனதில்லை. பின்னம் தகராறு, வரைபடம் சுத்தமாகப் புதுசு. தூரத்துக்கும் நேரத்துக்கும் ஒரு கோடு போட்டேன், ஏறிக்கொண்டே போகும் கோடு. ஒரு பிக்கு எழுந்து, "அந்த ஆள் மலை ஏறுகிறாரா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமான கேள்வி. வரைபடம் என்பது படம் அல்ல என்பதைச் சொல்லவே ஒரு வகுப்பு ஒதுக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. ஆறாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள், கூச்சப்பட வேண்டாம், அவர்களும் படமாட்டார்கள்.

ஆனால் அதே ஆள், அடுத்த நாள் அணுவைப் பற்றிப் பேசும்போது என்னை மடக்கினார். எலெக்ட்ரானுக்குப் பகுதிகள் கிடையாது, அடிப்படைத் துகள் என்றேன். சரி, அதற்குக் கிழக்குப் பக்கம் உண்டா, மேற்குப் பக்கம் உண்டா? உண்டென்றால் பகுதி இருக்கிறது. இல்லையென்றால் அது இன்னொன்றோடு எப்படிச் சேரும்? சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வசுபந்து என்ற பௌத்த அறிஞர் கேட்ட கேள்வி இது: ஒரு துகளை ஆறு பக்கமும் ஆறு துகள்கள் தொட்டால் அதற்கு ஆறு முகம், முகம் இருந்தால் அதுவே கடைசித் துகள் ஆகாது. பல வருடங்கள் இதை மனப்பாடமாகவும் வாதமாகவும் கரைத்துக் குடித்தவர்கள். நான் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோதுகூட யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்கவில்லை. புள்ளித் துகள், அலை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன், அவர் திருப்தியாகவில்லை, நியாயம்தான்.

அதனால் பாடம் தயாரிக்கும்போது கணக்கை எளிமையாக்குங்கள், கருத்தை எளிமையாக்காதீர்கள். குழந்தைக்குச் சொல்வது போல் பேசினால் அவமானமாக உணர்வார்கள், முகத்தில் காட்டமாட்டார்கள், அதனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

தர்க்கத்துக்கு நேரம் விடுங்கள்

விரிவுரை அடித்துவிட்டுப் போனால் பத்து நாளில் எல்லாம் காற்றோடு போகும். அவர்கள் கற்கும் வழி வேறு. ஒருவர் தரையில் உட்காருவார், ஒரு நிலைப்பாட்டை எடுப்பார். இன்னொருவர் நின்றுகொண்டு அதை உடைக்கப் பார்ப்பார், ஒவ்வொரு கேள்விக்கும் காலை ஓங்கி மிதித்து, கையைப் படீரென்று தட்டி. உட்கார்ந்தவருக்குப் பதில்கள் கொஞ்சம்தான்: ஒப்புக்கொள்கிறேன், ஏன், காரணம் நிலைபெறவில்லை, வியாப்தி இல்லை (அந்தக் காரணத்திலிருந்து இந்த முடிவு வராது). தன் சொல்லோடு தானே முரண்பட்டால் நிற்பவர் புறங்கையை உள்ளங்கையில் அடித்து "ட்ஸா!" என்பார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது என்று நம்ம பக்கத்துப் பழைய நூல்களிலும் வருகிறதே, அதே அளவைமுறைதான். அதை வளர்த்த பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகர் காஞ்சிப் பக்கம் பிறந்தவர் என்பது மரபு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன் என்றதோடு இதையும் சொல்லுங்கள், மதிப்பு கூடும்.

செய்முறை இப்படி: ஒவ்வொரு வகுப்புக்கும் வாதிடத் தகுந்த இரண்டு வாக்கியங்கள் எழுதிக்கொண்டு போங்கள். "கனமான பொருள் வேகமாக விழும்", "வளர்வதெல்லாம் உயிருள்ளது" மாதிரி. கடைசி அரைமணி நேரத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காதில் சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு புரிந்திருக்கிறது, எங்கே நீங்கள் தப்பாகச் சொல்லித் தொலைத்தீர்கள் என்பதெல்லாம் அதில் வெளியே வந்துவிடும். வரையறையில் கவனம், அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். நான் உயிருக்கு வரையறையாக வளர்தல், உணவு எடுத்தல், பெருகுதல் என்று பலகையில் எழுதினேன். நெருப்பு வளர்கிறது, தின்கிறது, பெருகுகிறது, உயிர்வளியும் கேட்கிறது என்றார் ஒருவர். கோவேறு கழுதை குட்டி போடாது, அது செத்ததா என்றார் இன்னொருவர். ட்ஸா.

உயிர் விஷயத்தில் ஜாக்கிரதை

இதை நீளமாகச் சொல்ல வேண்டும், நான் பட்டது இங்கேதான். இரண்டாம் நாள், பாக்டீரியா எப்படிப் பிரிந்து பெருகும் என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் உட்கார்ந்த கொசுவைப் பட்டென்று அடித்துவிட்டேன். கை தானாகப் போனது, வீட்டுப் பழக்கம். மொழிபெயர்ப்பாளர் நிறுத்திவிட்டார். முப்பது பேர் என் உள்ளங்கையைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் மோசம். அன்று மாலை ஒரு வயதான பிக்கு என் அறைக்கு வந்து, கண்ணாடி டம்ளரைக் கொசுவின் மேல் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, ஜன்னலுக்கு வெளியே விடுவது எப்படி என்று பொறுமையாகச் செய்து காட்டிவிட்டுப் போனார். கொசுவலையைப் பெட்டியில் எழுதியது இதனால்தான்.

பூச்சி, தவளை அறுப்பதெல்லாம் நினைத்தும் பார்க்காதீர்கள். நுண்ணோக்கிப் பாடம்கூட யோசித்துச் செய்ய வேண்டும். குட்டைத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்துக் காட்டினேன். பாரமீசியம் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்ததும் வகுப்பே கூடிவிட்டது. அப்புறம் ஆரம்பித்தது கேள்வி: இது செம்ச்சென்னா? அந்தச் சொல்லுக்கு மனமுடையது என்று பொருள். செடிகொடியை அவர்கள் அதில் சேர்ப்பதில்லை. வெளிச்சத்தை விட்டு விலகுகிறதே, அப்படியென்றால் பிடித்தது பிடிக்காதது உண்டா? ரோபோவும் விலகும். அப்படியானால் காய்ச்சிக் குடிக்கிற தண்ணீர்? நான் இடையில் புகுந்து, எங்கள் தொல்காப்பியத்தில் புல்லுக்கும் மரத்துக்கும்கூட ஓரறிவு, தொடுவதை அறியும் என்று சொல்லியிருக்கிறது என்றேன். சும்மா இருந்திருக்கலாம். தொடுவதை அறிய மனம் வேண்டாமா என்று அடுத்த முக்கால் மணி நேரம். நான் தயாரித்த பாடம் எங்கேயோ போனது, அது எனக்கு அமைந்த மிக நல்ல வகுப்புகளில் ஒன்று. முடிந்ததும் ஒரு இளம் பிக்கு கண்ணாடித் தகட்டைக் காயவிடாமல் தண்ணீர் ஊற்றி, குட்டை வரைக்கும் நடந்து போய்க் கழுவிவிட்டு வந்தார். அன்றிலிருந்து விளக்குச் சூட்டில் தகடு காயும் முன் திருப்பி விடுவதற்கு ஒரு ஆளை வகுப்பே நியமித்துக்கொண்டது. நீங்களும் முதலிலேயே அப்படி ஒரு ஏற்பாடு சொல்லிவிடுங்கள், நிம்மதியாகப் பார்ப்பார்கள்.

கருவிகள்

மடங்களில் இப்போது அறிவியல் மையம், புரொஜெக்டர் எல்லாம் இருக்கிறது, மின்சாரம்தான் சொல்லாமல் போகும். அதனால் கரண்ட் இல்லாத சோதனையை ஒன்றாவது தயாராக வைத்திருங்கள். எனக்கு என்றும் கைகொடுத்தது நூலும் கல்லும். கால் மீட்டர் நூலில் ஊசல் கட்டினால் போய்வர ஒரு நொடி. ஒரு மீட்டருக்கு எவ்வளவு என்று கேளுங்கள், நாலு நொடி என்று அடித்துச் சொல்வார்கள். அளந்தால் இரண்டு. கல்லை மாற்றினாலும் இரண்டுதான். அதன்பிறகு அவர்களாகவே நூல் தேடிக்கொண்டு போவார்கள், ஒருநாள் மாடிப் படிக்கட்டில் மூன்று மாடி உயரத்துக்கு ஊசல் தொங்கியது. அப்புறம் லென்ஸ், காந்தம், பலூன், இருட்டறையில் சின்ன ஓட்டை வழியாக வெளி உலகம் தலைகீழாகச் சுவரில் விழுவது. வாழைப்பழத்திலிருந்து டிஎன்ஏ எடுக்க உப்பு, பாத்திரம் கழுவும் திரவம், மருந்துக் கடை ஸ்பிரிட். ஸ்பிரிட் எதற்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எல்லாம் குஷால்நகரில் கிடைக்கும், மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

விடுமுறை நாளும் கடைசி நாளும்

விடுமுறையில் துணி துவைத்துவிட்டு, பைலகுப்பேயில் இருக்கும் நம்த்ரோலிங் மடத்தின் பொற்கோயில் போய் வாருங்கள். கூட்டமாக இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும். தெருநாய்கள் அதிகம், இருட்டில் தனியாக நடக்க வேண்டாம். மாலையில் பிக்குகளோடு டீக்கடையில் உட்காருங்கள். ஹிந்தி கொஞ்சம் பேசுவார்கள், சிலர் கன்னடத்தில் பேரம் பேசுவதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். அரசியலை நீங்களாக எடுக்காதீர்கள், வீட்டை விட்டு வந்த கதையை அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

கடைசி நாள் கழுத்தில் வெள்ளைக் கதா துணி போடுவார்கள். தலையைக் கொஞ்சம் குனிந்து வாங்குங்கள், முப்பது பேரும் போடுவார்கள், பையில் இடம் வையுங்கள். மீந்த லென்ஸ், காந்தமெல்லாம் மையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள், தனி ஆளுக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்குச் சங்கடம். போன் நம்பர் எல்லாரும் கேட்பார்கள், கொடுங்கள். ஆனால் அவர்கள் எழுந்திருப்பது விடிவதற்கு வெகு முன்னால். எலெக்ட்ரானின் கிழக்குப் பக்கம் பற்றி எனக்கு இன்னும் குரல்பதிவு வருகிறது, அதிகாலை நாலேமுக்காலுக்கு. போனைச் சைலண்டில் போட்டுவிட்டுப் படுங்கள்.